கையைவிட்டுப் போன படங்களும் ஓவியரின் பெயரும்

கேள்வி: எனக்கு வயது 34. பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். பத்து ஆண்டுகள் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வடிவமைப்பாளராக இருந்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டு முழுநேரமாகப் படம் வரைகிறேன். ஓவியக் கல்லூரியில் படித்ததில்லை. அல்சூர் ஏரிக்கரையையும் சிவாஜி நகர் சந்தையையும் கன்டோன்மென்ட் பகுதியின் பழைய வீடுகளையும் தாளிலும் கேன்வாஸிலும் வரைகிறேன். இதுவரை நாற்பது படங்கள்வரை விற்றிருக்கின்றன. ஆனால் கேலரிகளுக்கு அனுப்பும் மின்னஞ்சல்களுக்குப் பதிலே வருவதில்லை. 4,000 ரூபாய் கட்டி இணையவழியில் ஒரு ‘சர்வதேச விருது’ பெற்றேன், அதனாலும் பயனில்லை. ஆண்டுதோறும் இங்கே சாலையிலேயே நடக்கும் ஓவியச் சந்தையான சித்ர சந்தைக்குச் சென்ற முறை போயிருந்தபோது, காலையில் ஒரு படத்தை 6,000 ரூபாய்க்கு விற்றேன். மாலையில் கூட்டம் குறைந்ததும் அதே அளவுள்ள வேறொரு படத்தை 3,500 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். காலையில் வாங்கிய அம்மையார் அந்த வழியாகத் திரும்பியவர், அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இப்போது வீட்டு உள்அலங்காரம் செய்யும் ஒருவர், பெயர்பெற்ற ஓவியர் ஒருவரின் படங்களைப் போலவே ஐந்து வரைந்து தரச் சொல்கிறார். நல்ல பணம் தருவார். உறவினர்களுக்கு நான் செய்வது இன்னும் பொழுதுபோக்குத்தான். என்னை ஓர் ஓவியராக மற்றவர்கள் நம்ப வேண்டுமென்றால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேலரிக்காரர்கள், விருது கொடுப்பவர்கள், உறவினர்கள் என்று உங்களை இன்னும் ஏற்றுக்கொள்ளாதவர்களைப் பற்றியே கடிதம் பெரும்பாலும் பேசுகிறது. ஏற்கெனவே தம் கைப்பணத்தைக் கொடுத்து உங்கள் படத்தை வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கும் நாற்பது பேரில், அந்த அம்மையார் ஒருவரைத் தவிர வேறு யாரையும் நீங்கள் குறிப்பிடவில்லை. முப்பது ஆண்டுகளாக இதே ஊரில் படம் வரைந்து விற்று வாழ்ந்துவரும் என் அனுபவத்தில், ஓவியருக்குப் பெயர் ஏற்படுவது அந்த நாற்பது வீடுகளிலிருந்துதான். ஆகையால் என் பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு நீர்வண்ணப் படத்தை விற்றேன். சிவப்புப் புடவை உடுத்திய பூக்காரப் பெண்மணி ஒருவர் கோயில் வாசலில் அமர்ந்திருக்கும் படம். ஏழு ஆண்டுகள் கழித்து அதை வாங்கியவர் தொலைபேசியில் அழைத்தார். நேரில் வந்து ஒருமுறை பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார். இந்திரா நகரில் அவர் வீட்டு வரவேற்பறையில், மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் படம் தொங்கியது. புடவை பழைய ரோஜா இதழின் நிறத்துக்கு வந்திருந்தது. பூக்கூடை ஏறக்குறைய வெறும் தாளாகவே இருந்தது. அவர் படத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பின்பக்கத்து ஆணிகளை நீக்கினார். சட்டத்தின் விளிம்பு மூடியிருந்த இடத்தில் மட்டும், வளையலைக் கழற்றிய கையில் தெரியும் தடம்போல, நான் பூசிய சிவப்பு அரை விரற்கடை அகலத்துக்கு அப்படியே இருந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “நாங்க ஏதாவது தப்பா வச்சுட்டோமா?” என்று கேட்டார். தவறு என்னுடையது என்று அப்போதே சொன்னேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று மாணவர்களுக்கான வண்ணக் குழாயை வாங்கி, அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கூடப் பார்க்காமல் பூசியவள் நான். அதே படத்தை நிலைக்கும் வண்ணங்களில் மறுபடி வரைந்து கொடுத்தேன், பணம் வாங்கவில்லை. அந்தக் குடும்பத்தின் வழியாக அதற்குப் பிறகு எனக்கு வந்த வேலைகள் பல. அவற்றைக் கொடுத்தவர்களில் ஒருவரும் நான் எங்கே படித்தேன் என்று கேட்டதில்லை.

உங்களிடம் இருக்கும் வண்ணக் குழாய்களை இன்றே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நல்ல தயாரிப்பாக இருந்தால் நிறமியின் குறியீடும் ஒளியைத் தாங்கும் திறனின் அளவும் அச்சிட்டிருப்பார்கள். அலிசரின் கிரிம்சன் என்ற பெயரில் வரும் பழைய சிவப்பின் குறியீடு பி.ஆர். 83, அது வெளிச்சத்தில் வெளுக்கும் என்பது ஓவியர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. அதே சாயலில் குவினாக்ரிடோன் வகை நிறமிகள் கிடைக்கின்றன. அவை பெரிதும் நிலைத்து நிற்பவை. காவி, உம்பர் போன்ற மண் வண்ணங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டும் என்பதில்லை. ஒரு தாளில் உங்கள் வண்ணங்கள் அனைத்தையும் பட்டை பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். பிறகு அட்டையை எடுத்தால் எந்த வண்ணத்தை நம்பலாம் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். தாளும் அப்படித்தான். அமிலமற்ற பருத்தித் தாள் விலை கூடுதல்தான். ஆனால் சாதாரண மரக்கூழ்த் தாள் சில ஆண்டுகளில் பழுப்பேறி முறிந்துவிடும். ஃபிரேம் போடும் கடைக்காரர் செலோ டேப்பால் படத்தை அட்டையில் ஒட்டப் போனால் தடுத்துவிடுங்கள்; அந்தப் பசை மஞ்சள் கறையாகத் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிடுவதே பழக்கப்பட்டவர்கள் செய்யும் முறை. இவற்றையெல்லாம் வாங்குபவர் கேட்க மாட்டார், கேட்கத் தெரியவும் தெரியாது. அதனால்தான் நாமாகச் செய்ய வேண்டும் என்கிறேன்.

அடுத்து ஒரு பதிவேடு வேண்டும். தடித்த அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் போதும். கணினியில் வைத்துக்கொண்டாலும் சரி. படத்தின் எண், தலைப்பு, எந்தத் தாள் அல்லது துணி, எந்த வண்ணம், அளவு, வரைந்த ஆண்டு, ஒரு நல்ல புகைப்படம், வாங்கியவர் பெயர், கொடுத்த விலை, தேதி ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். அதே எண்ணும் தலைப்பும் கையொப்பமும் படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்க வேண்டும். பால்பாயின்ட் பேனா மை முன்பக்கத்துக்கு ஊறிவரும். விற்கும்போது இந்த விவரங்களோடு, ‘நேர் வெயில் படாத சுவரில் மாட்டவும்’ என்று எழுதிக் கையொப்பமிட்ட சான்றிதழ் ஒன்றையும் ரசீதையும் கொடுங்கள். ஏற்கெனவே விற்ற நாற்பது படங்களில் எத்தனை எங்கே இருக்கின்றன என்று உங்களால் சொல்ல முடியுமா? முடிந்தவரை தேடி எழுதுங்கள். யூபிஐ பணப் பரிமாற்றக் குறிப்புகளிலிருந்தே பாதிப் பெயர்கள் கிடைத்துவிடும். ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் அனுப்பலாம். படம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கலாம். மறுபடி வாங்கச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

இப்போது அந்த அம்மையாரின் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகுந்த நம்பிக்கை அளித்தது, அவர் ஒன்றும் சொல்லாமல் போனது உங்கள் மனத்தில் தைத்திருக்கிறது என்பதுதான். சித்ர சந்தைக்காகக் குமார கிருபா சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படங்களைப் பரப்பியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பேரம் நடக்காமல் இருக்காது. மாலை ஆக ஆக, கொண்டுவந்ததைத் திரும்பத் தூக்கிப்போக வேண்டுமே என்ற சலிப்பும் சேர்ந்துகொள்ளும். நானும் அங்கே கடைபோட்டு உட்கார்ந்தவள்தான். ஆனால் 3,500 ரூபாய்க்கு நீங்கள் இறங்கிய அந்த நிமிடத்தில், காலையில் 6,000 கொடுத்தவர் ஏமாந்தவர் ஆகிவிட்டார். அவருடைய எண் உங்களிடம் இருந்தால் அழைத்து, செய்தது தவறு என்று சொல்லி, வித்தியாசமான 2,500 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் ஒரு சிறிய கோட்டோவியம் வரைந்து அனுப்புங்கள்.

விலை நிர்ணயிப்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடுவது. 12-க்கு 16 அங்குலப் படம் 192 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 30 ரூபாய் என்றால் 5,760 ரூபாய் ஆகும். ஆனால் இதே கணக்கில் 24-க்கு 36 அங்குலப் படம் 25,920 ரூபாய்க்குப் போய்விடும். வளர்ந்துவரும் ஓவியருக்கு அது விற்பனைக்கு ஒத்துவராத தாவல். ஆகையால் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, வரும் அங்குலங்களை அங்குலத்துக்கு இவ்வளவு என்ற விலையால் பெருக்குபவர்களும் உண்டு. 12-ம் 16-ம் கூட்டினால் 28. அங்குலத்துக்கு 200 ரூபாய் என்றால் சிறிய படம் 5,600, பெரிய படம் 12,000. இரண்டாவது முறையையே உங்களுக்குச் சொல்வேன். எதைத் தேர்ந்தாலும், எழுதி மேசைமேல் வைத்துவிட்டு அதன்படியே நடந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கொருமுறை, விற்பனை நன்றாக இருந்தால் மட்டும், சிறிது உயர்த்தலாம். குறைக்கும் நிலை வரவே கூடாது, ஏனென்றால் குறைக்கும்போது ஏற்கெனவே வாங்கியவர்கள் அனைவரின் சுவரிலும் இருக்கும் படங்களின் விலையும் சேர்ந்தே குறைகிறது. கையில் குறைந்த பணத்தோடு வருபவருக்குக் கொடுக்கச் சிறிய அளவுப் படங்களையும், படங்களின் அச்சுப் பிரதிகளான பிரிண்டுகளையும் வைத்திருங்கள். ஒரு படத்துக்கு 30 பிரிண்ட் மட்டும் என்று அறிவித்தால் 30-தான். ஒவ்வொன்றிலும் 7/30 என்பதுபோல் பென்சிலால் எண்ணிட்டுக் கையொப்பமிடுங்கள், 31-ஆவதை யார் கேட்டாலும் போடாதீர்கள்.

இந்த விலை ஒழுங்கு கேலரிக்குள் போவதற்கும் தேவைப்படும். கேலரிகள் விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எடுத்துக்கொள்வது வழக்கம். வாடகை, விளக்கு, ஆள், அழைப்பிதழ், பல ஆண்டுகளாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் எல்லாம் அதில் அடங்குவதால் அதை அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கேலரியில் 6,000 ரூபாய்க்குத் தொங்கும் படத்தை ஓவியரிடமே நேரில் போனால் 3,500-க்கு வாங்கலாம் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அந்தக் கேலரி அந்த ஓவியரோடு பிறகு வேலை செய்யாது.

உங்கள் மின்னஞ்சல்களுக்குப் பதில் வராததற்குப் படங்களின் தரம்தான் காரணம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். பார்த்திராத ஒருவரிடமிருந்து ஏரி, சந்தை, பூ, பிள்ளையார், நாய்க்குட்டி என்று அறுபது படங்கள் வந்தால், இவர் எதை வரைபவர் என்று தெரியாமலேயே மூடிவைத்துவிடுவார்கள். உங்களிடம் ஒரு பொருள் இருக்கிறது: இடித்துக்கொண்டே வரும் கன்டோன்மென்ட் வீடுகளும் அவற்றைச் சுற்றி வாழும் நம் மக்களும். அந்த ஒன்றையே எடுத்து ஒன்றரை ஆண்டு உழைத்து, ஒரே தொடராகப் பன்னிரண்டு பதினைந்து படங்களைச் செய்யுங்கள். அதற்கிடையில் மற்றவர்களின் கண்காட்சிகளுக்குப் போங்கள். சித்ரகலா பரிஷத்தின் கூடங்கள், கஸ்தூர்பா சாலையில் வெங்கடப்பா கலைக்கூடம், அதே சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம், அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் இயங்கும் தேசிய நவீனக் கலைக்கூடம் ஆகியவை எல்லாம் அல்சூரிலிருந்து தொலைவில்லை. போய், ஒரு கூடத்தில் எந்த மாதிரிப் படங்கள் வைக்கப்படுகின்றன, குறிப்பட்டையில் என்ன எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள்; வரைந்தவர் அங்கே இருந்தால் படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள். உங்கள் படங்களை அவரிடம் காட்ட அது சமயமில்லை, பார்வையாளராகவே போய்வாருங்கள். நம் ஊரில் ஓவியர்கள் பெரும்பாலும் மற்ற ஓவியர்கள் சொல்லித்தான் கூட்டுக் கண்காட்சிகளுக்கு அழைக்கப்படுகிறார்கள்.

அந்த விருதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பணம் கட்டிய எல்லோருக்கும் கிடைக்கும் சான்றிதழை இத்துறையில் இருப்பவர்கள் பார்த்த உடனே கண்டுகொள்வார்கள்; அது உங்கள் அறிமுகக் குறிப்பில் இருக்கும்வரை அதற்குக் கீழே இருக்கும் உண்மையான செய்திகளையும் அவர்கள் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். எடுத்துவிடுங்கள். தேர்வுக்குழு பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கண்காட்சிகளிலும் நுழைவுக் கட்டணம் இருக்கக்கூடும், அது வேறு. எத்தனை பேரை நிராகரித்தார்கள், தேர்ந்தவர்கள் யார் யார் என்று விசாரித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கல்லூரியில் படிக்கவில்லை என்பதை மறைக்கவும் வேண்டாம், அதற்காக வருந்தவும் வேண்டாம். ‘அல்சூரில் வசிக்கிறார், கன்டோன்மென்ட் பகுதியின் வீடுகளையும் மக்களையும் வரைகிறார், தாமாகக் கற்றவர்’ என்று மூன்று வரி எழுதினால் போதும்.

உள்அலங்காரக்காரர் கேட்கும் ஐந்து படங்களை வரையாதீர்கள். ஓவியர் வாழ்ந்துகொண்டிருந்தாலும், இறந்து 60 ஆண்டுகள் முடியாதிருந்தாலும், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அவருடைய படத்தைப் பார்த்து அனுமதியின்றி நகலெடுத்து விற்பது உரிமை மீறல். பாணியை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறோம் என்று உள்அலங்காரக்காரர் வாதாடலாம். சட்டம் பாணியைத் தடுப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் ‘அவருடைய படத்தைப் போலவே’ என்று கேட்பவர் விரும்புவது அந்தப் படத்தைத்தான். நாளை அந்த வீட்டுக்கு வரும் விருந்தினர் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டால், அதற்குக் கீழே இருக்கும் கையொப்பம் உங்களுடையதாக இருக்கும். ‘உங்கள் சுவருக்கும் வண்ணத்துக்கும் பொருத்தமாக என் கன்டோன்மென்ட் தொடரிலிருந்து ஐந்து செய்து தருகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மாதிரிகளையும் உடன் அனுப்புங்கள். மறுத்தால் போகட்டும். நீங்களும் வேறொருவர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைவதாக இருந்தால் எடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஏரிக்கரைக்கு நடந்து போகும் தூரம்தான், நீங்களே போய்க் கோட்டுப் படம் வரைந்துவருவது எல்லாவற்றையும்விட நல்லது.

சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால், பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்களாக வரைந்த படத்தை ஒருவர் வாங்கினால் படம்தான் அவருடையது. அதை அச்சிட்டு நாட்காட்டியாகவோ கோப்பையாகவோ விற்கும் உரிமை, நீங்கள் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தாலொழிய, உங்களிடமே இருக்கும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, கேட்டு வரையச் செய்த படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் பதிப்புரிமை கேட்டவருக்கே போய்விடும். ஆகவே உருவப்படமோ வீட்டுப் படமோ வரைய ஒப்புக்கொள்ளும்போது, அளவு, விலை, பாதி முன்பணம், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதி என்பவற்றோடு ‘பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்’ என்ற ஒரு வரியையும் ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். தேதி தவறும் என்று தெரிந்தால், தேதிக்குப் பிறகு காரணம் சொல்வதைவிட, ஒரு வாரம் முன்னதாகவே அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

உறவினர்களோடு வாதிட்டு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். வேறு வருமானம் இருப்பதும் ஓவியரின் மதிப்பைக் குறைத்துவிடாது. ஓவியர் யூசுஃப் அரக்கல் இதே பெங்களூரில் ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்து வளர்ந்தவர். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரோடு சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்கள், மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தைக் கொண்டே காலூன்றினார்கள். ஓவியர் ஆதிமூலம் பத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் வரைந்த கோட்டோவியங்களைத் தமிழ் வாசகர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வடிவமைப்பு வேலை தெரியும். மாதத்தில் சில நாள்கள் அதைச் செய்து வாடகையைக் கட்டிவிட்டால், மாலை ஆறு மணிக்குச் சாலையில் நின்று 3,500 ரூபாய்க்கு இறங்க வேண்டிய நெருக்கடியே உங்களுக்கு வராது.

அடுத்த சித்ர சந்தைக்கு அந்தப் பதிவேட்டையும் விலைப்பட்டியலையும் எடுத்துக்கொண்டு போங்கள். வெயிலில் வைத்துச் சோதித்த அந்த வண்ணத் தாளையும் கண்ணில் படும்படி மேசைமேல் வையுங்கள். பார்ப்பவர்கள் அது என்ன என்று கட்டாயம் கேட்பார்கள். அந்த அம்மையார் மறுபடி வந்தால், அதை அவருக்கும் காட்டுங்கள்.